காலிக்கும் இலவசத்துக்கும் நடுவில் ஒரு சும்மா

எங்கள் பக்கத்து ஊர் வாசகசாலையைக் கவனித்துக்கொள்ளும் டீச்சர் ஒருவர் கேட்ட கேள்வி இது. மலையாளத்தில் அச்சான ஒரு நோட்டீஸை அவர் தமிழில் போட வேண்டும். நான்கு இடத்தில் கை நிற்கிறதாம்: ‘சௌஜன்ய வைஃபை’, ‘ஸ்வதந்த்ர சாஃப்ட்வேர் பரிசீலனம்’ (பரிசீலனம் என்றால் பயிற்சி), ‘சகாயியின் ஒழிவு’ (சகாயி என்றால் உதவியாளர்), ‘வெறுதே கிடக்குந்ந பழைய புஸ்தகங்கள்’. “முதல் இரண்டுக்கும் இலவசம், பின் இரண்டுக்கும் காலி என்று போட்டுவிட்டால் போதாதா?” என்கிறார்.

போதாது டீச்சர். நான் கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், கேரளத்துக்குள், ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். இரண்டு மொழி நோட்டீஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது. இந்த நான்கு சொல்லில் மூன்றில் நானே விழுந்து எழுந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் ஒழிவு, ஏனென்றால் அதில்தான் என் மானம் போனது. கடை திறந்த புதிதில் இங்கே ஒரு சங்கத்துக்குக் காவலாளி வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பை மொழிபெயர்த்தேன். மலையாளத்தில் ‘ஒழிவு’ என்று இருந்ததை, நம் சொல்தானே என்று ‘காவலாளி ஒழிவு’ என்று அப்படியே போட்டு ஒட்டியும் விட்டார்கள். மறுநாள் காலையில் ஒரு பெரியவர் கடைக்கு வந்து நின்றார். “ஏனுங் தம்பி, வாட்ச்மேன் எப்போ ஒழிஞ்சாரு? நேத்து சாயங்காலம்கூட எங்கிட்ட பீடி வாங்கினாரே!”

சொல் ஒன்றுதான். அது வளர்ந்த விதம் வேறு. மலையாளத்தில் ஒழிதல் என்றால் இடம் விடுபடுவது. அதனால் வேலைக்கான காலியிடம் ஒழிவு, விடுமுறை நாள் ஒழிவு தினம். தமிழிலும் அந்தப் பொருள் செத்துப் போய்விடவில்லை. ‘கை ஒழியவில்லை’, ‘ஓய்வு ஒழிச்சல் இல்லை’ என்கிறோம். பாலக்காட்டு அக்ரகாரத்து வீடுகளில் ‘பாத்திரத்தை ஒழிச்சுப் போடு’ என்றால் உள்ளே இருப்பதை வேறொன்றில் மாற்றிவிட்டுத் தேய்க்கப் போடு என்று அர்த்தம், உடைத்துப் போடு என்று அல்ல. ஆனால் ஜமீன்தாரி ஒழிப்பு, கொசு ஒழிப்பு, வறுமை ஒழிப்பு என்று அரசாங்கமும் மேடையும் எடுத்தாண்டு எடுத்தாண்டு, பொது எழுத்தில் அது அழிப்பதற்கான சொல்லாகிவிட்டது. வீட்டுக்குள் வெறுமை, வெளியில் அழிவு. நோட்டீஸ் வெளியில் ஒட்டுவது. ஆகவே அங்கே ‘காலிப் பணியிடம்’தான்.

காலி அரபியில் பிறந்து உருது வழியாக வந்த சொல். மலையாளத்தில் காலி, தெலுங்கில் காளீ, நம்மிடமும் காலி. தெற்கில் எல்லைக்கு எல்லை வேஷம் மாறாமல் நடக்கிற சொற்கள் குறைவு. இதுவும் முழுக்க மாறாமல் இல்லை. நான் சொந்த ஊரால் சித்தூர் தாலுகாக்காரன். பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்த, இப்போது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். வேலை பார்த்ததோ ஆந்திரத்துச் சித்தூரில், ஒரு மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் நான்கு சீசன். (வீட்டில் ‘சித்தூரிலிருந்து சித்தூருக்கு’ என்று சொன்னால் பாட்டி, “அப்போ எதுக்குடா பெட்டி?” என்பாள்.) போன முதல் வாரம் சாப்பாட்டு வேளையில் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, “காளீகா உன்னாவா?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழில் ஒரு மனிதனைப் பார்த்து ‘காலியா’ என்றால் ஆள் தீர்ந்தானா என்று கேட்பதாகும். ‘அவன் காலி’ என்றால் சங்கு ஊதியாயிற்று. ‘காலிப்பயல்’ என்றால் ரௌடி. அவர் கேட்டதோ, வேலையில்லாமல் ஓய்வாக இருக்கிறாயா என்று. தெலுங்கில் மனிதனும் காலியாக இருக்கலாம், அறையும் காலியாக இருக்கலாம். தமிழில் காலி பொருளுக்கும் இடத்துக்கும்தான்: காலி சிலிண்டர், காலி பாட்டில், காலி மனை. ‘பெருங்காயம் இருந்த டப்பா’ என்று ஒரு மனிதரைச் சொல்கிறோமே, அதுகூட அவரை டப்பாவாக்கிய பிறகுதான். திருத்தணி, நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள் தெலுங்குப் பழக்கத்தில் ‘நான் காலியா இருக்கேன்’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அது அவர்கள் வழக்கு, பிழையென்று சொல்ல மாட்டேன். நோட்டீஸில் மட்டும் வேண்டாம்.

இப்போது வெறுதே. நான்கில் இதுதான் ருசியான சொல்.

மலையாளி ‘வெறுதே’ என்கிற இடத்தை எல்லாம் கவனியுங்கள். வெறுதே இரிக்குந்நு: வேலையில்லாமல் இருக்கிறான். வெறுதே பறஞ்ஞதா: காரணமில்லாமல் சொன்னேன். வெறுதே கிட்டி: காசில்லாமல் கிடைத்தது. வெறுதேயாயி: பயனில்லாமல் போயிற்று. இந்த நான்கு இடத்திலும் தெலுங்கர் ‘ஊரிகே’யை நகர்த்தி வைக்கலாம், கடைசியில் மட்டும் கொஞ்சம் இடிக்கும். ஊரிகே வச்சானு என்றால் சும்மா வந்தேன், ஊரிகே இச்சாடு என்றால் சும்மா கொடுத்தான். அதற்குப் பக்கத்து வீட்டுச் சொல்தான் ‘ஊருகோ’: பேசாமல் இரு, விட்டுவிடு. நமக்கு இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல், சும்மா. சும்மா வந்தேன், சும்மா கொடுத்தான், சும்மா சொன்னேன், சும்மா கிடக்கு, சும்மா இருடா. தாயுமானவர் அந்தச் சும்மாவை எடுத்துப் போய், சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கும் திறம் அரிது என்று ஞானத்தின் உச்சியில் வைத்தார். அதே சும்மாவை என் மனைவி, நான் கடையில் ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது வேறு சுருதியில் சொல்வாள்.

மூன்று மொழியும் தனித்தனியாகப் போய் ஒரே இடத்தில் வந்து நின்றிருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். வேலை இல்லை, காரணம் இல்லை, விலை இல்லை, சத்தம் இல்லை. எது இல்லை என்று சும்மா சொல்வதில்லை. ஏதோ ஒன்று இல்லை, அவ்வளவுதான். எது என்பதைக் கேட்பவர் இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பேச்சில் அது வசதி. எழுத்தில், அதுவும் காசு சம்பந்தப்பட்ட எழுத்தில், வம்பு. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, இங்கே இல்லாதது எது என்று முதலில் கேட்டுக்கொள்வது. தமிழில் இந்த வகைச் சொற்களில் பாதி, இல்லாததை வெளிப்படையாகப் பெயர் சொல்லியே கட்டப்பட்டவை: விலையில்லா, கட்டணமில்லா, கட்டற்ற.

இந்தக் கட்டுமானம் நேற்று வந்ததல்ல. சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கும் பிராமணர்களுக்கும் பள்ளிகளுக்கும் விட்ட நிலங்களை ‘இறையிலி’ என்று எழுதியிருக்கிறார்கள். இறை என்றால் வரி. வரி இல்லாதது இறையிலி. நிலம் சும்மா கிடைத்தது என்று எழுதவில்லை. நிலத்தில் எது இல்லை என்று துல்லியமாக எழுதினார்கள். அதே கல்வெட்டுகளின் வரிப் பட்டியலில் ‘வெட்டி’யும் வரும், அதாவது கூலியில்லாமல் செய்து தரவேண்டிய வேலை. தெலுங்கில் இன்றும் வெட்டி சாகிரி என்றால் கூலியில்லாக் கொத்தடிமை வேலை. நாம் ‘வெட்டிப் பேச்சு’, ‘வெட்டியாய்ச் சுத்துறான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிற சொல்லின் பக்கத்தில் இப்படி ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது. வாங்குகிறவனுக்கு இலவசம், செய்கிறவனுக்கு வெட்டி.

சரி, இலவசத்துக்கு வருவோம். இங்கேதான் எல்லைக்காரர்கள் அதிகம் வழுக்குகிறோம். தெலுங்கில் ‘உசிதம்’ என்று பலகை வைத்திருந்தால் காசு வேண்டாம் என்று பொருள். தமிழில் உசிதம் என்றால் தகுந்தது, செய்யத்தக்கது. ‘இப்போ கிளம்புறதுதான் உசிதம்’ என்பார் தாத்தா. 2004-இல் ஆந்திராவில் விவசாயிகளுக்கு வந்தது ‘உசித வித்யுத்’. அதைத் தமிழ்க் காதால் கேட்டால் தகுந்த மின்சாரம், பரவாயில்லை, அதுவும் பொருந்துகிறது. மலையாளத்துச் ‘சௌஜன்யம்’ இதற்கு அண்ணன். சமஸ்கிருதத்தில் அது நல்லவர் குணம், பெருந்தன்மை. பழைய தமிழ்க் கடிதங்களில் ‘தங்கள் சௌஜன்யத்துக்கு நன்றி’ என்று வந்தால் பண்புக்கு நன்றி, ஓசியில் கொடுத்ததற்கு அல்ல. ஒருவர் தகுதியென்று சொன்னார், ஒருவர் பண்பென்று சொன்னார். இருவருமே காசு வாங்காததை நாசூக்காகச் சொல்லத்தான் முயன்றிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நாமும் ‘தர்ம’ என்று முயன்றோம்: தர்ம ஆஸ்பத்திரி, தர்ம தரிசனம். திருமலையில் காசில்லாமல் ஓடும் பேருந்துக்கு தர்ம ரதம் என்றே பெயர். அப்புறம் தர்ம அடி. யாரும் கேட்காமல், கட்டணம் வாங்காமல், வருகிறவர் போகிறவர் எல்லாம் கொடுப்பது. தமிழனின் நகைச்சுவைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு ஓர் அரசியல் பாதையும் உண்டு. 2006-இல் வந்தது இலவச வண்ணத் தொலைக்காட்சி. 2011-இல் ஆட்சி மாறியதும் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி எல்லாம் ‘விலையில்லா’ ஆயின. இலவசம் என்றால் வாங்குகிறவரை இறக்கிப் பார்ப்பது போல இருக்கிறது என்ற கூச்சம் அதற்குள் ஏறியிருந்தது. விலையில்லா என்பது நல்ல தமிழ்தான். ஒரு சின்ன முள் மட்டும் உண்டு: ‘விலையில்லா மாணிக்கம்’ என்றால் விலை சொல்ல முடியாத அளவு உயர்ந்தது என்றும் வரும். 2021-இல் பெண்களுக்குப் பேருந்தில் வந்தது ‘கட்டணமில்லாப் பயணம்’, பின்னால் ‘விடியல் பயணம்’. இந்த மாற்றங்களில் அரசியலை ஒதுக்கிவிட்டால் ஒரு நல்ல இலக்கணம் மிஞ்சுகிறது. கையில் கொடுக்கும் பொருளுக்கு இருப்பது விலை, செய்து தரும் சேவைக்கு இருப்பது கட்டணம். ஆகவே விலையில்லாச் சைக்கிள், கட்டணமில்லாத் தொலைபேசி எண். மாற்றிப் போட்டால் காது உடனே மறுக்கும்.

ஓசியைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனி ஆட்சிக் காலத்தில் காசில்லாமல் போகும் தபாலில் ‘ஓ.சி.’ என்று முத்திரை குத்தினார்கள், அதிலிருந்து வந்தது என்றொரு கதை எல்லாரும் சொல்வதுதான். மலையாளத்திலும் ‘ஓஸ்’ என்று நடமாடுகிறது. இனாமும் ஓசியும் ஒரே செயலின் இரண்டு முனை. இனாம் கொடுக்கிறவர் சொல், ஓசி பார்க்கிறவர் சொல். ‘இனாம் கொடுத்தேன்’ என்று ஒருவர் பெருமையாகச் சொல்லலாம். ‘ஓசியில் வாங்கினேன்’ என்று யாரும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வதில்லை, சொன்னால் அது நண்பர்களுக்குள். இதில் என் மனசுக்குப் பிடித்தது கொசுறு. தெலுங்கில் கொசரு. ஆந்திரச் சித்தூர்ச் சந்தையில் காய்கறிக்காரம்மா கத்தரிக்காயை நிறுத்துப் போட்டுவிட்டு, தராசைக் கீழே வைத்த பிறகு, கேட்காமலே ஒரு கொத்துக் கருவேப்பிலையை முறித்துப் பையில் செருகுவார். முதல் நாள் நான் காசு நீட்டினேன். “ஊரிகே, பாபு” என்றார். அதை இலவசம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். வாங்கினால்தான் கொசுறு. வாங்காமல் கேட்டால் அது ஓசி.

அடுத்தது ஸ்வதந்த்ர சாஃப்ட்வேர். டீச்சர், இங்கே ‘இலவச மென்பொருள்’ என்று போட்டால் நோட்டீஸே பொய்யாகிவிடும். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலர், கணினியை இயக்கும் மென்பொருளைக் கட்டில்லாமல் உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தபோது கேட்டது விலைக் குறைப்பை அல்ல. ஒரு மென்பொருளை எந்த வேலைக்கும் இயக்க, உள்ளே திறந்து படிக்க, மாற்ற, மாற்றியதையோ மாற்றாததையோ பிறருக்குக் கொடுக்க உரிமை வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் இருப்பதால், அவர் நாற்பது வருடமாக அதை விளக்கிக்கொண்டே இருக்கவேண்டியதாயிற்று. நமக்கு அந்தத் தலைவலியே இல்லை. மலையாளத்தில் ஸ்வதந்த்ர, தெலுங்கில் ஸ்வேச்சா, தமிழில் கட்டற்ற. மூன்று மொழி விக்கிப்பீடியாக்களும் தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கின்றன. கேரளத்துக்கு இதில் பழைய உறவு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. இங்கே அரசுப் பள்ளிக் கணினிகளில் பிள்ளைகள் படிப்பதும் கட்டற்ற மென்பொருளில்தான். அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஸ்வதந்த்ர என்ற சொல் புதிதல்ல. தமிழில் அதற்கு என்ன என்பதுதான் தெரியாது.

வாசகசாலைக்கு ஏற்ற உதாரணம் சொல்கிறேன். போன வாரம் வந்த நாவல் ஒன்றை யாரோ ஸ்கேன் செய்து வாட்ஸாப்பில் சுற்ற விடுகிறார்கள். நமக்குக் காசில்லாமல் கிடைத்தது. ஆனால் அதன் மேல் எழுத்தாளரின் கட்டு அப்படியே இருக்கிறது, நாம் வைத்திருப்பது திருட்டுப் பிரதி. மறுபக்கம், பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் அரசு வாங்கி, பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கியது. கடையில் பாரதியார் கவிதைகள் புத்தகத்துக்குக் காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும், தாளுக்கும் அச்சுக்கும் விலை உண்டு. உள்ளே இருக்கும் பாட்டுக்குக் கட்டில்லை. நீங்களே ஒரு பதிப்புப் போட்டு விற்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். முன்னது விலையில்லாதது ஆனால் கட்டுள்ளது, பின்னது விலையுள்ளது ஆனால் கட்டற்றது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் காலமான பிறகு 60 ஆண்டு கழித்து அந்தக் கட்டு தானாகவே அவிழும். ‘கட்டற்ற’ என்பதில் எனக்கு இருக்கும் ஒரே குறை, வேகமாகப் படிக்கிறவர்கள் அதைக் ‘கட்டணமற்ற’ என்று படித்துவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு வாடிக்கையாளர், நடுவில் எழுத்து விட்டுப்போச்சு என்று பேனாவால் திருத்தியே கொண்டுவந்தார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், வெறும், வெற்று. இரண்டும் ஒரே வேர். வெறும் என்பதில், கூட ஏதாவது இருந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது: வெறுங்கை, வெறும் வயிறு, வெறுஞ்சோறு. எங்கள் கொங்குப் பக்கத்து வரக்காப்பியும் பால் வரவில்லையே என்ற அதே எதிர்பார்ப்பில் நிற்பதுதான், கேரளத்தில் கட்டன். வெற்று என்பதில் எதிர்பார்ப்பு முடிந்து போய், தீர்ப்பு வந்துவிடுகிறது: வெற்றுப் பேச்சு, வெற்று ஆரவாரம், வெத்து வேட்டு. பூவும் காயும் காட்டாத கொடியின் இலை என்பதால் வெற்றிலை என்றார்கள் என்று சொல்வார்கள். கல்யாணத் தட்டில் முதலில் வைப்பதும் அதைத்தான்.

வெற்றுக்கும் சுழிக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது மாம்பழம். சீசனில் தோத்தாபுரி, நம் பக்கத்துக் கிளிமூக்கு மாங்காய், லாரி லாரியாக வரும். தினசரித் தாளில் ஒவ்வொரு மண்டிக்கும் ஒரு கட்டம். ஒருநாள் ஒரு கட்டத்தை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்த மண்டியிலிருந்து அன்று சரக்கு வரவில்லை, அதனால் எழுதவில்லை. தணிக்கைக்கு வந்தவர் விரலை அங்கே வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. “வரலையா, வந்ததை எழுதலையா?” சுழி போட்டிருந்தால் வரவில்லை என்று அர்த்தம். வெற்றாக விட்டதற்கு அர்த்தமே இல்லை, யார் வேண்டுமானாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம். இரண்டு நாள் வண்டிச் சீட்டுகளைப் புரட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. கணினிக்காரர்களும் சுழியம் வேறு, வெற்று வேறு என்று இதைத்தான் பிரிக்கிறார்கள். நம் பழைய எண்களில் ௰, ௱, ௲ என்று பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனி எழுத்து இருந்ததால் சுழிக்கு அவசியம் வரவில்லை. ஆனால் இன்மையை ஓர் எண்ணாகப் பார்க்கும் எண்ணம் இருந்தது. பரிபாடலில் எண்ணுப் பெயர்களை அடுக்கும்போது ஒன்றுக்கும் முன்னால், காலுக்கும் முன்னால் ‘பாழ்’ என்று தொடங்குகிறது.

எழுத்தில் விஷயமே இல்லை என்று சொல்வதற்கு மட்டும் காலியும் வேண்டாம், வெற்றும் வேண்டாம். நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு பதரை விடலாமா? உமி இருக்கும், உள்ளே மணி இருக்காது. தூற்றும்போதுதான் தெரியும். பயனில்லாத சொல்லையே பாராட்டிக்கொண்டிருப்பவனை வள்ளுவர் ‘மக்கட் பதடி’ என்றார், பதடியும் பதரும் ஒன்றே. மலையாளத்தில் பதிர். பழஞ்சொல்லில் பதிரில்ல என்பது அவர்கள் பழமொழி. சக்கை என்ற சொல்லைப் போடலாமே என்று தோன்றும். போட்டுவிடாதீர்கள், பாலக்காட்டில் பலாப்பழம் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

இனி உங்கள் நோட்டீஸ். ‘சௌஜன்ய வைஃபை’ சேவை, ஆகவே ‘கட்டணமில்லா வைஃபை’. இலவச வைஃபை என்றாலும் குற்றமில்லை. ‘கட்டற்ற மென்பொருள் பயிற்சி’, பயிற்சிக்குப் பணம் உண்டா இல்லையா என்பதை அடுத்த வரியில் தனியாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே சண்டை. ‘உதவியாளர் பணியிடம் காலி’, ஒழிவு மட்டும் வேண்டாம், பாவம் அந்த உதவியாளர். பழைய புத்தகங்கள் வெறுதே கிடக்கின்றன என்பதற்கு ‘சும்மா கிடக்கும் பழைய புத்தகங்களைத் தாருங்கள்’ என்றே போடுங்கள். அங்கே இல்லாதது வாசிப்பவர்தான், அதைச் சும்மாவைவிட நன்றாகச் சொல்ல என்னிடம் சொல்லில்லை. கடைசியில் தேதிக்குக் கோடு போட்டு விட்டிருக்கிறீர்களே, அதை நிரப்பிவிட்டு ஒட்டுங்கள். வெற்றாக விட்டால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற பையன்கள் நிரப்பிவிடுவார்கள்.